தாயம்மா எழுதிய தூசுப் பரீட்சை

"இன்னா நைனா, பெஞ்சுக்கு அடியில குந்திகினா நான் பாக்க மாட்டேனா?" என்று கேட்டபடி தாயம்மா மூன்றாம் வகுப்பறையில் குனிகிறாள். நைனா என்பது தூசு. குவளைத் தண்ணீரை விரலால் உதறித் தெளித்த பிறகுதான் துடைப்பத்தைத் தொடுவாள். "காஞ்ச தூசு ராக்கெட்டு மாரி. நேரா பசங்க மூக்குலதான் போயி எறங்கும்."

தண்ணீர் தெளித்தால் டைல்ஸ் கறையாகும் என்று தலைமையாசிரியை காமாக்ஷி தடை போட்டிருக்கிறார். ஆகவே கண்ணகி நகரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, மேடம் வருமுன் மயிலாப்பூர் வந்து, தடையை மீறி முடித்துவிடுவாள். பிறகு பிரேயரில் ஓரமாக நின்று இருமல்களை எண்ணுவாள். "இன்னிக்கு மூணாங்கிளாஸ்ல நாலு. அந்தம்மா பேச்சைக் கேட்டு தண்ணி தெளிக்காம பெருக்குன அன்னிக்கு பதினொண்ணு!" வருகைப் பதிவேட்டில்கூட இவ்வளவு உண்மை இருக்காது.

மேடத்தின் அறைக்குள் மட்டும் அவள் போகக் கூடாது. கம்பளம், கனத்த திரைச்சீலை, வரிசையாகப் பரிசுக் கோப்பைகள், திறந்தே அறியாத ஜன்னல், ஓயாத ஏசி. "நீ வந்தா ஃபைலெல்லாம் கலைஞ்சுடும்" என்று இரண்டு வருஷமாகத் தடை.

இந்த நிலையில்தான் அஸ்வினி வந்தாள். கல்லூரி மாணவி, பள்ளிக்கூடத் தூசியில் என்னென்ன கிருமி குடியிருக்கிறது என்று ஆராய்கிறவள். வெள்ளிக்கிழமை அறைக்கு ஒன்றாக, கிருமிக்குத் தீனி தடவிய தட்டைத் திறந்து வைப்பாளாம். காற்றில் மிதப்பது அதில் விழுந்து, ஒரு வாரத்தில் முளைத்துக் காட்டுமாம். "அக்கா, அன்னிக்கு மட்டும் பெருக்காதீங்க, ப்ளீஸ்."

காமாக்ஷி தனியே கூப்பிட்டுச் சொன்னது வேறு. "தட்டுல ஏதாவது மொளைச்சுதோ, அடுத்த மாசம் உனக்குப் பதிலா பெருக்கற மெஷின் வாங்கிடுவேன்."

அம்பது வயசில் யார் வேலை கொடுப்பார்கள்? போதாததற்கு, விருந்தாளி வருகிற நாளில் பெருக்காதே என்றால் எப்படி? வெள்ளிக்கிழமை பன்னிரண்டு வகுப்பறைகளையும் ஈரத்துணியால் துடைத்துத் தள்ளிவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல கேட்டருகே நின்றாள்.

அடுத்த வாரம் காமாக்ஷியும் தாயம்மாவும் பார்க்க, பதிமூன்று தட்டுகள் வராந்தா மேஜைக்கு வந்தன. பன்னிரண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். பதிமூன்றாவதில் காடு: பச்சை, கறுப்பு, நடுவில் பஞ்சு மாதிரி ஒன்று.

"அக்கா, பெருக்குனீங்களா?"

"சொம்மா லைட்டா, கண்ணு."

அஸ்வினி பெருமூச்சு விட்டாள். "அப்போ இது ஒண்ணுதான், மேடம், உண்மையான சாம்பிள். இந்தக் காத்தையே தினம் சுவாசிச்சா மூச்சிரைப்பு வரைக்கும் கொண்டுபோய் விடலாம்."

"ஐயையோ, எந்தக் கிளாஸ்?" என்று பதறினார் காமாக்ஷி.

அஸ்வினி தட்டைத் திருப்பி, அடியில் எழுதியிருந்த அறையின் பெயரைக் காட்டினாள்.

காமாக்ஷி மெஷின் பேச்சையே எடுக்கவில்லை. "தாயம்மா, செத்த என் ரூமைத் தொடைச்சுட்டுப் போயேன்" என்று சாவியை நீட்டினார்.

கழிவறை கழுவக்கூட வெறும் முகத்தோடு போகிற தாயம்மா, "கொஞ்சம் இரு மேடம்" என்றாள். முந்தானையை இழுத்து, மூக்கையும் வாயையும் இரண்டு சுற்றுச் சுற்றி, காதோரம் இறுக்கிச் செருகிக்கொண்டாள். அப்புறம்தான் சாவிக்குக் கையை நீட்டினாள்.