பூசையில் வைத்த ஸ்பேனர்

என் வீட்டுக்காரர் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆயுத பூசையன்று காலையில், போடியில் எங்கள் வீட்டு வாசலிலேயே அதைப் பிரித்துப் போட்டார். வாட்டர் பம்பு ஒழுகி, மேடு ஏறினாலே என்ஜின் கொதித்தது. புதுப் பம்பு வாங்கி வைத்திருந்தார். பழசைக் கழற்றி முடிக்கவும் பூசை நேரம் வந்துவிட்டது. மிச்சச் சோலியை நாளைக்குப் பார்ப்போம் என்று ஸ்பேனர்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பிள்ளைகளின் புத்தகங்களோடு சாமி முன்னால் அடுக்கினார். மறுநாள் பூசையைக் கலைக்கும்வரை எதையும் தொடக்கூடாது.

பொரிகடலை பங்கு வைத்துக்கொண்டிருந்தேன். மேலே தோட்டத்திலிருந்து ஓர் ஆள் குறுக்குப் பாதையில் ஓடி இறங்கி வந்தார். என் தங்கச்சி அங்கே கூலியாட்களின் லயத்து வீட்டில் குடியிருந்தாள். நிறைமாசம்.

“ஆத்தா, ஒன் தங்கச்சிக்கு வலி கண்டுருச்சு. பிள்ள குறுக்க கெடக்காம். வெரசா வண்டியக் கொண்டாங்க.”

என் வீட்டுக்காரர் தெருத்தெருவாக வேறு வண்டி தேடிப் போனார். எல்லா ஜீப்பும் மாலை போட்டு நின்றன. ஓட்டுகிறவர்கள் லீவு என்று ஊருக்குப் போயிருந்தார்கள். வேர்த்து விறுவிறுத்து வெறுங்கையோடு திரும்பினார்.

“ஸ்பேனர எடுங்க,” என்றேன்.

“பூசையில வச்ச இரும்ப இன்னைக்குத் தொட்டா மல காவு கேக்கும்டி.”

“ஒங்க கூடப்பொறந்தவளா இருந்தா இப்பிடி நிப்பீங்களா?”

நின்றார். வெகுநேரம் நின்றார். அழுதேன், கத்தினேன், காலில்கூட விழுந்தேன். கடைசியில் வந்தது வரட்டும் என்று நானே போய் எடுத்து, சந்தனத்தோடு அவர் கையில் திணித்தேன்.

பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங் கிழிந்து போயிருந்தது. பூசையிலிருந்த மூத்த மகளின் கணக்கு நோட்டு அட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். அதை வெட்டி, சோப்பைத் தடவி வைத்துப் புதுப் பம்பை முறுக்கினார். ஹோஸை மாட்டினார். நான் ரேடியேட்டரில் குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். நல்லவேளை, சொட்டவில்லை.

மலை ரோட்டில் பாதி வளைவுகள் ஏறியிருப்போம். எதிரே தோட்டத்து ஆட்கள் கம்பளியில் தூளி கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜீப்பில் என் மடியில் தலை வைத்துப் படுத்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஏன்க்கா இம்புட்டு நேரம்?”

ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை அழவே இல்லை. “கொஞ்சம் முந்தி வந்திருந்தா...” என்று ஆரம்பித்த நர்சம்மா, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

தெருவில் வேறு மாதிரி பேசினார்கள். பொம்பளை பூசையைக் கலைத்தாள், மலை காவு வாங்கிவிட்டது என்றார்கள். அதையும் என் காதுபடவே. நான் ஒவ்வொருத்தியோடும் சண்டைக்குப் போனேன். அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அடுத்த வருஷம் பூசைக்கு எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினார். அந்தப் பம்பை மாட்டிய ஸ்பேனரை மட்டும் காணோம். வீடெல்லாம் தேடினேன். பொட்டு வைக்காமல், துணியில் சுற்றி, ஜீப்பு சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். போன வருஷமே இப்படி வைத்திருக்கக்கூடாதா, பாவி மனுசன்.