மிளகாய் வண்டியை முந்திய எலாதியோ

சக்கடேக்காஸ் சாலையில் லாரி ஓட்டுகிற யாருக்கும் எலாதியோவைத் தெரியாமல் இருக்காது. பெருத்த தொப்பை, ஓரம் பிய்ந்த வைக்கோல் தொப்பி, பின்பக்கம் 'அழாதே கண்ணே, வந்துவிடுவேன்' என்று எழுதிய பச்சை லாரி. ஸ்டியரிங்கைத் தொடாத நாளில் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

வண்டிகள் வலப்பக்கமாக ஓடும் அந்தச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் மெதுவாகப் போகிறவன் இடது விளக்கைச் சிமிட்டினால், எதிரே யாரும் வரவில்லை, ஏறிப் போ என்று அர்த்தம். முந்துகிறவன் இரண்டு தரம் ஹாரன் அடித்து நன்றி சொல்லுவான். சட்டத்தில் இது கிடையாது. சட்டத்தைவிட இதைத்தான் எல்லாரும் மதித்தார்கள்.

அன்று அவனுக்கு முன்னால் போனது டோன்யா எல்பிடியாவின் பழைய வண்டி. மிளகாய் விவசாயி, வாயும் அதே காரம்; 'டோன்யா' என்பது வயதான பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். வற்றல் மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோனாள். வளைவில் அவள் வண்டியின் இடது விளக்கு சிமிட்டியது. தரையில், முந்தக் கூடாது என்கிற இரட்டை மஞ்சள் கோடு. எலாதியோ கோட்டைப் பார்த்தான், விளக்கை நம்பி ஏறினான். அவளோ நிஜமாகவே இடப்பக்கம் திரும்பினாள். தம்பியின் தோட்டத்து மூட்டைகளையும் ஏற்றிக்கொள்ளத்தான்.

லாரி இடித்து அவள் வண்டி வாய்க்காலில் சாய்ந்தது. மணிக்கட்டு முறிந்தது. சாலை முழுக்க வற்றல். போலீஸ்காரர்கள் தும்மிக்கொண்டே அளவெடுத்தார்கள்.

வழக்கு அரசு வக்கீலின் அலுவலகத்துக்கு வந்தது. அவர் சுற்றி வளைக்கவில்லை. கோட்டைத் தாண்டி முந்தி ஒருவரைக் காயப்படுத்தினால் குற்றம், வழக்கத்தைச் சொல்லித் தப்ப முடியாது என்றார். காயம்பட்டவர் மன்னித்தால் வழக்கு முடியும். இல்லாவிட்டால் நீதிமன்றம், லைசென்ஸ் போகும், சிறையும் வரலாம். எலாதியோ தொப்பியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லாரி இல்லாமல் அவனுக்கு ஏது பிழைப்பு?

எல்பிடியா மாவுக்கட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கோடு கண்ணுல பட்டுச்சா?"

"பட்டுச்சு, டோன்யா."

"அப்புறம் ஏன்யா ஏறுன?"

"நீங்க விளக்கு போட்டீங்க. ஆனா தப்பு என்னோடதுதான். வளைவுல யாரு போட்டாலும் ஏறியிருக்கக் கூடாது."

பழியைத் தன் தலையில் கட்டுவான் என்று சண்டைக்குத் தயாராக வந்திருந்தவள், மாவுக்கட்டு குலுங்கச் சிரித்தாள்.

"அதே வளைவுல நானும் எத்தனையோ லாரிக்காரனுக்கு விளக்கு போட்டு ஏத்தி விட்டிருக்கேன்யா. அவனுங்க உசுரோட வீடு போய்ச் சேர்ந்தது என் புத்தியால இல்ல."

மன்னிப்பதாகச் சொன்னாள். ஒரே நிபந்தனை: கை சேரும்வரை ஞாயிறுதோறும் அவள் வண்டியை அவன்தான் சந்தைக்கு ஓட்ட வேண்டும்.

"எம் பக்கத்துல உக்காந்தா என்னைய முந்த முடியாதுல்ல," என்றாள். அரசு வக்கீலே சிரித்துவிட்டார்.

முதல் ஞாயிறு. இடப்பக்கத்தில் எல்பிடியாவின் தம்பி தோட்டம் நெருங்கியது. பின்னால் லாரி வரிசை. எலாதியோவின் கை பழக்கத்தில் இடது விளக்குக்குப் போய்த் திரும்பி வந்தது. வலது விளக்கைப் போட்டு, சாலையை விட்டு வலது ஓர மண்ணில் இறங்கி நின்றான். லாரிகள் ஒவ்வொன்றாகத் தாண்டின. வழி விட்டதற்கு இரண்டிரண்டு ஹாரன். எலாதியோ கழுதை மேய்க்கப் போய்விட்டானா என்று ஒருவன் கத்திக்கொண்டே போனான்.

"இப்பிடியே நின்னா மூட்டைக்குள்ள வெதை மொளைச்சிரும்யா," என்றாள் எல்பிடியா.

"மொளைக்கட்டும், டோன்யா."

இரு பக்கமும் சாலை காலியானது. இன்னொரு தரம் பார்த்துக்கொண்டு சாலையைக் குறுக்கே கடந்து தோட்டத்துக்குள் நுழைந்தான். எல்பிடியா நல்ல கையை நீட்டி, அவனைத் தாண்டி, இரண்டு தரம் ஹாரனை அழுத்தினாள்.