குதிரை குடித்த காபி

2003-ஆம் வருடம், டிசம்பர் மாதம், கொல்கத்தா. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா துறைமுக அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவர். வீடு பாலிகஞ்சில். அந்த வருடம் ஒரு பந்தயக் குதிரையில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு இருந்தது என்று சொன்னால் இன்றும் பலர் நம்புவதில்லை.

அதெல்லாம் மகாராஜாக்கள் விவகாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அலுவலகத்தில் என் சீனியர் ஒரு வங்காளி. வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரை தாதா என்று கூப்பிடுவேன். குதிரையை விலைக்கு வாங்கத் தேவையில்லை, குத்தகைக்கே எடுக்கலாம் என்று அவர்தான் சொன்னார். பண்ணைக்காரர்கள் சில நல்ல பெண் குதிரைகளை விற்க மாட்டார்கள். பிற்பாடு குட்டிகளுக்காக அவை வேண்டும். அதுவரை நீங்கள் பந்தயத்தில் ஓடவிட்டுக்கொள்ளுங்கள் என்று கொடுப்பார்கள். லாயம், தீனி, பயிற்சி, வைத்தியம் இவை மட்டும் நம் செலவு. மூன்று பேர் பிரித்துக்கொண்டால், சின்னக் கார் ஒன்று வாங்கியவர் கட்டும் தவணை அளவுக்குத்தான் ஆளுக்கு ஆகும். எனக்குக் கார் இல்லை. அதனால் குதிரை.

தாதாவுக்கும் எனக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. மூன்றாவது பங்கு எங்கள் மாடி வீட்டு மாமியுடையது. மாமி வங்கியில் அதிகாரி. குதிரையை ஓட்டும் ஜாக்கிக்கு எந்த நிறத்தில் சட்டை என்று ரேஸ் கிளப் விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். "அரக்கு உடம்பு, கடுகு மஞ்சள் கை. பட்டுப்புடவை மாதிரி தூரத்துலேயே தெரியணும்" என்று மாமி ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

மற்ற எல்லாவற்றுக்கும் நான் பட்டியல் போட்டேன். குதிரை பார்க்கப் போனபோது என் நோட்டில் முப்பத்தொரு கேள்விகள் இருந்தன. கால் எலும்பு, மூச்சு, தாயின் பந்தய விவரம், குத்தகைக் காலம், குதிரைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்று வரிசையாகக் கேட்டேன். குதிரைகளுக்குப் பயிற்சி தரும் ட்ரெய்னர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "மேடம், நீங்க குதிரை எடுக்கறீங்களா, கொதிகலன் எடுக்கறீங்களா?" என்றார்.

கடைசியில் மூன்று வயதுப் பழுப்புக் குதிரை ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. சேற்றில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போகும். அதனால் அதைப் பார்த்துக்கொண்ட பீகார்காரர் அதற்கு 'மேம்சாப்', அதாவது துரைசானி, என்று பெயர் வைத்திருந்தார். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் வேலை அவருடையது. அப்படிப்பட்டவர்களை சைஸ் என்பார்கள். இருபது வருடமாக அதே வேலை. என்னை தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவார்.

வாரத்துக்கு இரண்டு நாள் விடியற்காலையில் ஹேஸ்டிங்ஸ் பக்கம் இருந்த லாயத்துக்குப் போவேன். குளிர் தொடங்கியபின் ரேஸ் மைதானத்தில் பனி மூடிக்கிடக்கும். தாதா குரங்குக் குல்லாயில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய வந்து நிற்பார். நான் ஃபிளாஸ்க்கில் ஃபில்டர் காபி கொண்டுபோவேன். லேக் மார்க்கெட்டில் அரைத்த பொடி, திக்கான டிகாக்ஷன். எல்லோருக்கும் பிடிக்கும். மேம்சாபுக்கு மட்டும் என்னைப் பிடிக்கவில்லை. கேரட் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாலு மாதம் இப்படியே போயிற்று.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அதன் முதல் பந்தயம். முந்தின நாள் வெள்ளிக்கிழமை காலையில் நான் தனியாகத்தான் போயிருந்தேன். லேசான ஓட்டம் முடிந்து குதிரை லாயத்துக்குத் திரும்பியிருந்தது. சைஸ் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். நான் டபராவில் காபியை ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்போது தோள் பக்கமாகச் சூடான மூச்சு பட்டது. மேம்சாப் தானாகத் தலையை நீட்டி டபராவுக்குள் மூக்கை விட்டது. ஒரே உறிஞ்சில் காலி. மூக்கு நுனியில் நுரையோடு என்னைப் பார்த்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு மாதத்தில் முதல் முறையாக அது என்னிடம் ஒன்று கேட்கிறது. மீதிக் காபியையும் ஊற்றினேன். டபராவை நக்கித் துடைத்து வைத்தது.

சைஸ் திரும்பி வருவதற்குள் நான் டபராவைக் கழுவிப் பையில் வைத்துவிட்டேன். மறைக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் நாளைக்கான பட்டியலை எடுத்தேன். புடவை, நுழைவுச் சீட்டு, பந்தயம் பார்க்க வரப்போகும் சொந்தக்காரர்கள் பதினெட்டு பேருக்கு உட்கார இடம், அப்பாவுக்கு மருந்து என்று எல்லாவற்றுக்கும் எதிரே டிக் இருந்தது. ரேஸ் என்ற வார்த்தையையே வீட்டில் சொல்லக் கூடாது என்றிருந்த அப்பா, அரை மனதோடு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். டிக் விழாத ஒரே வரி, 'ரேஸ் விதிப் புத்தகம் படிக்கவும்.' புத்தகம் நாலு மாதமாக மேஜை டிராயரிலேயே கிடந்தது.

சப்பாத்தியைக் கடித்துக்கொண்டே புரட்டினேன். பின்பக்கத்தில், குதிரையின் உடம்பில் இருக்கக் கூடாத பொருள்களின் பட்டியல். அகர வரிசையில் நீளமான ரசாயனப் பெயர்கள். பழைய சிநேகிதர்களைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். 'சி' வரிசையில் கஃபீன் இருந்தது.

காபியில் என்ன இருக்கிறது என்று தெரியாதவள் இல்லை நான். காலேஜ் லேபில் அதைப் பிரித்தெடுத்துக் காட்டி மார்க் வாங்கியவள். காலையில் அது நினைவுக்கே வரவில்லை.

உடனே ஒரு காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன். டபராவில் இத்தனை மில்லிகிராம், குதிரையின் எடை இவ்வளவு, பந்தயத்துக்கு இன்னும் இத்தனை மணி நேரம். ஆறாவது வரியில் பேனா நின்றுவிட்டது. நான் போட்டது கணக்கே இல்லை, தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தேன்.

தாதாவின் மேஜைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஷோனோ, சொல்றதைக் கேளு, ஜெயிச்ச குதிரைக்குத்தான் அநேகமா டெஸ்ட் எடுப்பான். நம்ம மேம்சாப் ஜெயிக்கப்போகுதா என்ன? ஏழாவதோ எட்டாவதோ வரும். பேசாம இரு."

"ஒருவேளை ஜெயிச்சுட்டா, தாதா?"

"கடவுளே, ஜெயிக்காம இருக்கட்டும்" என்று அவர் சொன்னார். சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாலு மாதமாக விடியற்காலையில் எழுந்து போய் நின்றதெல்லாம், சொந்தக் குதிரை தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவா?

விதிப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தது. அப்படி ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால் ட்ரெய்னரையும் குதிரையைப் பராமரிப்பவரையும் விசாரிப்பார்கள். காபி கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை. அந்தக் குதிரைக்கு வாளியும் தொட்டியும் வைப்பவர் ஒரே ஒருவர்தான். சந்தேகம் யார்மேல் விழும் என்று யோசிக்கவே தேவையில்லை.

மாமிக்குப் போன் செய்தேன். மாமி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "போய்ச் சொல்லிடு. நாளைக்கு வரவாளுக்கு நான் ஆத்துல உப்புமாவைக் கிண்டிப் போட்டுச் சமாளிச்சுக்கறேன்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்தேன். லாயத்தில் சைஸ் மேம்சாபின் பிடரி மயிரைப் பின்னிக்கொண்டிருந்தார். அவர் தோளில் புதுத் துண்டு. "தீதி, நாளைக்கு என் மச்சானும் வரான். சாந்த்ராகாச்சி ரயில் யார்டுல வேலை. என் குதிரை ஓடறதைப் பார்க்கணும்னு லீவு போட்டிருக்கான்" என்றார். அவர் 'என் குதிரை' என்றுதான் சொன்னார். அவரிடம் அதைச் சொல்லாமல் நேராக ட்ரெய்னரின் அறைக்குப் போனேன்.

நான் சொல்லி முடித்ததும் ட்ரெய்னர் எழுந்து வெளியே வந்து முதலில் சைஸைப் பார்த்துத்தான் கத்தினார். "நீ எங்க போய்த் தொலைஞ்ச? யார் என்ன குடுக்கறாங்கன்னு பார்க்க மாட்டியா?"

சைஸுக்கு எதுவும் புரியவில்லை. பாதி பின்னிய பிடரியைக் கையில் பிடித்தபடி, "சாப், நான் தண்ணி எடுக்கத்தான்..." என்றார். நான் குறுக்கே போய் நின்றேன். "அவர் இல்லாதப்ப நான்தான் குடுத்தேன். அவருக்கு இப்ப வரைக்கும் தெரியாது. எழுதித் தரேன்."

ட்ரெய்னர் என் பக்கம் திரும்பினார். "ரம் குடுத்த முதலாளியைப் பார்த்திருக்கேன். ரசகுல்லா குடுத்தவரையும் பார்த்திருக்கேன். வந்து சொன்னவங்களைத்தான் பார்த்ததில்லை" என்றார். பிறகு குரல் மாறியது. "உக்காந்து எழுதுங்க. உங்க பட்டியல் மாதிரியே எழுதுங்க. எத்தனை மணி, எவ்வளவு காபி, யார் இருந்தாங்க, யார் இல்லை."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ட்ரெய்னர் அதைப் பந்தய அதிகாரிகளிடம் கொடுத்தார். குதிரை பந்தயத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அதிகாரிகள் ட்ரெய்னருக்கு அபராதம் போட்டார்கள், அதை நாங்கள் மூவரும் கட்டினோம். என் கடிதம் இருந்ததால் சைஸை ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் லாயத்துக்குள் காலடி வைக்கக் கூடாது என்பது ட்ரெய்னர் தன் பங்குக்கு எனக்குக் கொடுத்த தண்டனை.

சனிக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். எங்கள் குதிரை இல்லாத பந்தயத்தைப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று ஒவ்வொருவருக்கும் நானே சொன்னேன். சிலர் சிரித்தார்கள். பைனாகுலர் வாங்கிக்கொண்டு வந்திருந்த ஒருவர் முகம் சுருங்கினார். அப்பா மட்டும், "ரேஸுக்கு வந்து சந்தோஷமா வீட்டுக்குப் போற ஒரே ஆள் நான்தான்" என்று சொல்லிவிட்டு, வேலியோரமாகப் போய் நின்று குதிரைகள் ஓடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து லாயத்துக்குப் போனபோது சைஸ் எனக்காக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். "இங்க எது தப்பாப் போனாலும் காகிதத்துல முதல்ல வரது எங்க பேர்தான் தீதி. இந்தத் தடவை உங்க பேர் இருந்தது. மச்சான்கிட்ட சொன்னேன், அவன் நம்பலை." அவ்வளவுதான். பிறகு மேம்சாபின் குளம்பைத் தூக்கிப் பிடித்துச் சுத்தம் செய்வது எப்படி என்று காட்டினார். அன்றைக்குத்தான் அது என்னைத் தன் காலைத் தொட விட்டது.

பிப்ரவரியில் மேம்சாப் ஒன்பது குதிரைகளில் நாலாவதாக வந்தது. மாமி கத்திய கத்தலுக்கு ஜெயித்துவிட்டதாகவே பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அடுத்த மழைக்கால சீசனில், சேறென்றால் முகம் சுளிக்கும் அதே குதிரை, ஈரத்தரையில் ஓடி அரைக் குதிரை நீள வித்தியாசத்தில் நிஜமாகவே ஜெயித்தது. அது ஜெயித்தது அந்த ஒரு முறைதான். ஜெயித்த குதிரையை உரிமையாளர் பிடித்து அழைத்து வருவது வழக்கம். ஒரு பக்கம் நான், மறு பக்கம் சைஸ், முன்னால் குடையைத் திறக்கத் தெரியாமல் தாதா.

படம் எடுத்து முடித்ததும் சோதனைக்காகக் குதிரையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சைஸ் உள்ளே விசிலடித்துக்கொண்டிருந்தார். அப்படி விசிலடித்தால்தான் அது சிறுநீர் கழிக்குமாம். நான் வெளியே மழையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பயமே இல்லை.

இரண்டு வருடத்தில் குத்தகை முடிந்து மேம்சாப் பண்ணைக்குத் திரும்பிப் போய்விட்டது. நான் இப்போது ஒரு தொழிற்சாலையில் ஷிப்டுக்கு நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறேன். ஏதாவது பிசகும்போது யாராவது தொழிலாளியின் பெயர்தான் முதலில் என் மேஜைக்கு வருகிறது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று என்னையே ஒரு முறை கேட்டுக்கொள்ளாமல் இன்றுவரை என்னால் இருக்க முடிவதில்லை.