முன் சக்கரத்தின் நான்கு போல்ட்டுகள்

லிஃப்ட் மெக்கானிக்காகப் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு பெண், தன் மோட்டார் சைக்கிளுக்கென்று ஏழு நோட்டுப் புத்தகங்கள் எழுதியிருந்தார். பக்கத்துக்கு நான்கு பத்திகள்: தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, குறிப்பு. மூன்றாவது புத்தகத்தின் நடுவில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது: “41,206. செயின் தொய்வு 35 மில்லிமீட்டர், சரி. வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. முன் பிரேக் பிடிக்க இயலாது. வண்டி ஓடாது.” எல்லாம் ஒரே மையில், ஒரே அளவு எழுத்தில். ஐம்பத்திரண்டு நாள் கழித்து எழுதப்பட்ட அடுத்த வரியிலும் கிலோமீட்டர் 41,206 என்றே இருக்கிறது.

வண்டிக்கு நேர்ந்ததையும் தன் உடம்புக்கு நேர்ந்ததையும் அவர் தனித்தனியே பிரித்து எழுதவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒருவனே. அவருடைய கணவன், லாரி டயர்க் கடைக்காரன்.

வேலை செய்த இடத்தில் அவரைக் கோடக்கா என்று அழைத்தார்கள். லிஃப்ட் வேலையில் ஒரு போல்ட்டை உரிய அளவுக்கு இறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடுவரை மெல்லிய பெயிண்ட் கோடு ஒன்று இழுக்க வேண்டும். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். டார்ச் அடித்தால் தூரத்திலிருந்தே தெரியும். மற்றவர்கள் ஆய்வாளர் வருகிற வாரத்தில் மட்டும் கோடு போட்டார்கள். கோடக்கா எல்லா நாளும் போட்டார்.

அவரோடு ஜோடியாக வேலை பார்த்தவனுக்குப் ‘பதினேழு’ என்று பெயர். ஒருமுறை பதினேழாவது மாடியில் லிஃப்டுக்குள் ஆறு மணி நேரம் மாட்டிக்கொண்டதால் வந்த பெயர் அது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவன் சொன்னான்:

“கோடக்கா சாப்பாட்டு டப்பா மூடியிலயும் கோடு போட்டிருக்காங்கப்பா. எவன் திறந்தாலும் மாட்டிக்குவான்.”

“நீ திறந்தா கோடே வேணாம். மூடி பூரா உன் கிரீஸ் விரல்தான்” என்றார் அவர்.

முப்பத்தெட்டாவது வயதில் அவர் அந்த வண்டியை வாங்கினார். நீண்ட தூரத்தை வேகமாகக் கடப்பதற்கென்று செய்யப்பட்ட ஸ்போர்ட் டூரிங் வகை: நான்கு சிலிண்டர், காற்றைத் தடுக்கும் உயரமான கண்ணாடி, பின்புறம் இருபக்கமும் பூட்டுப் போடும் பெட்டிகள். பெட்ரோல் நிரப்பினால் இருநூற்று அறுபத்தொரு கிலோ. முதல் உரிமையாளர் ஒரு பல் மருத்துவர். ஒன்பது ஆண்டுகளில் அவர் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததே அதிகம்.

கணவனுக்கு முதலில் பெருமைதான். தினமும் காலையில் அவர் பின்னால் உட்கார்ந்து கடைக்குப் போய் இறங்குவான். வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடுவதை ரசிப்பான். நான்காவது மாதம், கடை வாசலில் தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி ஏறினான். பத்தடி போவதற்குள் வண்டி சாய்ந்தது. அவனும் அதோடு சரிந்தான். இரண்டு முறை தூக்கப் பார்த்தும் அசையவில்லை. கோடக்கா வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஹேண்டிலையும் பின்கம்பியையும் பிடித்துக் கால்களால் தரையை உந்தி, தனியாளாக அதை நிமிர்த்தினார். கனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் எவரும் செய்யக்கூடியதுதான் அது. ஆனால் கடையில் இருந்த மூன்று பேர் சிரித்துவிட்டார்கள்.

அன்று மாலை வீட்டுக் கதவைச் சாத்தியதும் அவன் கை நீட்டினான். அறைந்த வேகத்தில் அவர் தலை அலமாரி விளிம்பில் இடித்தது. முதல் புத்தகத்தின் பதினோராவது பக்கத்தில்: “இடது எஞ்சின் மூடியில் கீறல், கீழே விழுந்ததால். இடது காதில் இரைச்சல், நான்கு நாள்.”

அதன்பின் அடி என்பது அந்த வீட்டில் ஒரு நடைமுறையானது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவன் இல்லை. எங்கே அடித்தால் சட்டைக்கு வெளியே தெரியாது என்று அறிந்திருந்தான். விலா, தோள், தொடை. மூன்றாவது ஆண்டில் வண்டியின் பின்சக்கர டயரை அவன் கடையிலேயே மாற்றினார்கள். லாரிச் சக்கரத்துக்குப் பயன்படும் காற்றுத் துப்பாக்கியால் அச்சு நட்டை முடுக்கி அனுப்பினான். கோடக்கா வீட்டுக்கு வந்ததும் அதைத் தளர்த்தி, டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கினார். அரை மீட்டர் நீளமுள்ள இரும்புக் கருவி அது. குறித்த இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று ஒலித்து, போதும் என்று சொல்லும். அவர் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது கணவன் ஷெட் வாசலில் வந்து நின்றான்.

“என் கடையில போட்ட நட்டையே கழட்டிப் பாக்குறியா?”

“அளவு கூடிப்போச்சுங்க. செயின் இழுக்கும்.”

“இருபது வருஷமா சக்கரம் மாட்டுறேன். எனக்கு நீ அளவு சொல்லித் தரியா?”

பெயிண்ட் பிரஷ் பிடித்திருந்த கையை அவன் தரையோடு அழுத்தி, பூட்ஸ் காலால் மிதித்தான். எலும்பு முறிந்த ஓசை இருவருக்கும் கேட்டது. அவன் காலை உடனே எடுக்கவில்லை.

கட்டுப் பிரித்தபின் வலது கை ரெஞ்ச் இழுக்கப் பழகிவிட்டது. மெல்லிய பிரஷ்ஷைப் பிடித்தால் மட்டும் நடுங்கியது. எனவே கோடு போடும் வேலையை இடது கைக்கு மாற்றினார். அன்றிலிருந்து அவர் போட்ட மஞ்சள் கோடுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்தே விழுந்தன. “உங்க கோடு படுத்துத் தூங்குதுக்கா” என்றான் பதினேழு. “தூங்கட்டும். உடையாம இருந்தா சரி” என்றார்.

ஏழாவது புத்தகம் தொடங்கியபோது கிலோமீட்டர் 88,000ஐத் தாண்டியிருந்தது. பெட்ரோல் டேங்கில் சுத்தியலால் விழுந்த பள்ளம் ஒன்று. அவருக்கு இரண்டு விலா எலும்புகள் ஒழுங்காகக் கூடாமல் இருந்தன. தங்கை இருந்த ஊரில், நானூற்று முப்பது கிலோமீட்டர் தொலைவில், நிறுவனத்தின் கிளை ஒன்று இருந்தது. மாற்றல் கேட்டு எழுதினார்; கிடைத்தது. ஒரு புதன்கிழமை கணவனிடம் நேராகச் சொன்னார்.

“சனிக்கிழமை காலைல கிளம்புறேன். திரும்பி வரமாட்டேன்.”

கை ஓங்குவான் என்று சுவர்ப்பக்கம் நகர்ந்து நின்றிருந்தார். அவன் தட்டிலிருந்து நிமிரவில்லை.

“சரி, போ” என்றான். அந்த ‘சரி’தான் அவரை வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரை. வெயில் ஷெட் தரைவரை வந்திருந்தது. தடித்த ரைடிங் ஜாக்கெட்டைப் போட்டு, பெட்டிகளைப் பூட்டி, நீண்ட பயணத்துக்கு முன் வழக்கமாகச் செய்யும் சோதனையைத் தொடங்கினார். டயர் காற்று, செயின், ஆயில். கணவன் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தான். பதினெட்டு வருடத்தில் அவன் அவருக்கு டீ போட்டதில்லை.

“குடிச்சிட்டுக் கிளம்பு. லேட்டாகுது பாரு.”

கோடக்கா முன்சக்கரத்தின் அருகே மண்டியிட்டார். பிரேக் பட்டைகளை ஏந்தும் காலிப்பர்கள் சக்கரத்தின் இருபக்கமும் இருக்கும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு போல்ட்டுகள் அவற்றைப் பிடித்து நிறுத்தும். நான்கிலும் மஞ்சள் கோடு இருந்தது. ஒன்றும் உடையவில்லை. ஆனால் நான்கும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

அவர் எழவில்லை. வீடு இருந்தது ஒரு நெடும் சரிவின் உச்சியில். அதன் அடியில் லாரிகள் குறுக்கே ஓடும் பெருஞ்சாலை. முதன்முதலாக அழுத்திப் பிரேக் பிடிக்கும் இடம் அதுதான். போல்ட் கழன்றால் காலிப்பர் சக்கரத்துக்குள் பாய்ந்து வண்டியைத் தூக்கி எறியும் இடமும் அதுதான்.

டார்க் ரெஞ்சை எடுத்து, அந்தப் போல்ட்டுகளுக்கு உரிய இறுக்கமான முப்பத்தைந்தில் வைத்து, ஒரு போல்ட்டை மட்டும் முடுக்கினார். ‘டக்’ ஒலி வரவில்லை. ஒரு சுற்று. இரண்டு சுற்று. அப்போதும் வரவில்லை.

“என்ன பாக்குற?” என்றான் கணவன்.

“ஒண்ணுமில்ல. கடை வழியிலதானே இருக்கு. ஏறுங்க, எப்பவும் போல இறக்கிவிட்டுட்டுப் போறேன்.”

“இன்னிக்குக் கடை லீவு.”

“நேத்து சொல்லவே இல்லையே.”

“இப்ப சொல்றேன்ல?”

“லீவா இருந்தா இருக்கட்டும். சரிவு முடியுற இடம் வரைக்கும் வாங்க. கடைசியா ஒரு தடவை.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான். கதவுக்குப் பின்னால், டயரை நெம்பிக் கழற்றும் கடையின் இரும்பு லீவர் சாய்ந்திருந்தது. அதன் இடம் கடை, வீடல்ல. தேடாமலே அவன் கை அதைப் பற்றியது.

முதல் அடி தோளில் விழுந்தது. ஜாக்கெட்டுக்குள் இருந்த கெட்டித் தகடு அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் கை மரத்துப்போனது. இரண்டாவது அடிக்கு அவர் குனிந்ததால் வண்டியின் கண்ணாடி சிதறி அவர் கன்னத்தைக் கிழித்தது. மூன்றாவது அடி தலைக்கு வந்தது. கோடக்கா ரெஞ்சைக் குறுக்கே பிடித்துத் தடுத்தார். இரும்பும் இரும்பும் மோதி இருவர் கையும் அதிர்ந்தன. அடுத்த கணம் அவர் வீசினார். அவன் முன்கையில் பட்டது. மணிக்கட்டுக்கு மேலே கை மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியது. லீவர் விழுந்தது. மறுவீச்சில் முழங்காலைப் பெயர்த்தார். அவன் டீயின் மீதே விழுந்தான்.

“போதும். போதும்டி, விட்ரு.”

மூன்றாவதாக ஓங்கிய கை மேலேயே நின்றது. கன்னத்து ரத்தம் தாடையில் சொட்டியது.

“நானும் போதும்னு சொல்லிருக்கேன். நீங்க எண்ணல. நான் எண்ணிருக்கேன்” என்றார். பிறகு ரெஞ்சை வண்டிச் சீட்டின்மேல் வைத்தார், வீசவில்லை. லீவரைக் காலால் தெருவுக்குத் தள்ளினார். ஆம்புலன்ஸுக்கும் போலீசுக்கும் போன் செய்தபின் பதினேழை அழைத்தார்.

“உன் டார்க் ரெஞ்ச் கொண்டு வர முடியுமா?”

“உங்களுது என்னாச்சுக்கா?”

“அடி பட்டிருச்சு.”

“உங்களுக்கா?”

“ரெஞ்சுக்கு. இனி அதோட அளவை நம்ப முடியாது.”

“வரேன்க்கா. கதவைப் பூட்டிட்டு வெளியில நில்லுங்க” என்றான்.

ஆனால் போல்ட்டுகளை இறுக்க அவருக்கு மனம் வரவில்லை. மூன்று கோடுகள் இன்னும் தொடப்படாமல் இருந்தன. போலீஸ் பார்க்கும்வரை அவை அப்படியே இருக்க வேண்டும். முன்சக்கரத்தின்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ஏழாவது புத்தகத்தை மடியில் விரித்து எழுதினார்.

வந்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே கணவன் சொல்லிவிட்டான்: “வண்டியை அவளே கழட்டி வச்சிட்டு என் மேல பழி போடுறா மேடம். கையை உடைச்சதும் அவதான்.” கை உடைந்திருந்தது கண்கூடு. ரெஞ்சில் அவன் தோல் ஒட்டியிருந்ததும் கண்கூடு.

“அவர் சொல்றதும் நடந்திருக்கலாமேம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நடந்திருக்கலாம் மேடம். அதனாலதான் சோதிச்சுப் பாத்த ஒரு போல்ட்டைத் தவிர நான் எதையும் தொடல.”

கோடக்கா துணியை விலக்கிக் காட்டினார். பிறகு பின்சக்கர அச்சு, ஹேண்டில், எஞ்சின் தாங்கிகள் என்று வண்டி முழுவதிலும் இருந்த கோடுகளைக் காட்டினார். நாற்பத்தாறு, எல்லாம் இடப்பக்கம் சாய்ந்தவை. இன்ஸ்பெக்டர் பிரஷ்ஷை நீட்டி, ஒரு தாளில் வலது கையால் கோடு போடச் சொன்னார். கோடு புழுப்போல் நெளிந்தது.

“இந்தக் கை எப்போ இப்படி ஆச்சு?”

மூன்றாவது புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து முதல் புத்தகத்திலிருந்து வாசித்தார். பதினேழு வந்து, ரெஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு இன்ஸ்பெக்டர் மருத்துவமனைக்குப் போன் செய்தார்.

“அந்த ஆளோட வலது கை விரல் நகத்தைப் பாருங்க. கழுவ விடாதீங்க. மஞ்சள் பெயிண்ட் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

இருந்தது.

வண்டி ஏழு மாதம் காவல் நிலையக் கொட்டகையில் சாட்சிப் பொருளாக நின்றது. கோடக்கா தங்கை வீட்டுக்கு பஸ்ஸில்தான் போனார். இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை அதே பஸ்ஸில் வந்து, அனுமதி வாங்கி, பேட்டரிக்கு மின்னேற்றி, டயர் ஒரே இடத்தில் அமுங்கிப் போகாதபடி சக்கரத்தைக் கைமுட்டி அளவு நகர்த்திவிட்டுப் போனார். காவலர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து தங்கள் ஜீப்பின் பிரேக்கைப் பார்க்கச் சொன்னார்கள். கணவனுக்கு ஆறு ஆண்டு தண்டனை என்று தீர்ப்பானது. அவர் அடித்தது தற்காப்பு என்று ஏற்கப்பட்டது.

வண்டியைத் திருப்பித் தந்த நாள் காலையில், அளவு திருத்தி வந்திருந்த தன் ரெஞ்சைக் கொட்டகைக்கே கொண்டுவந்தார். பழைய மஞ்சளைச் சுரண்டித் துடைத்தார். டக். டக். டக். டக். இடது கையால் நான்கு கோடுகள் இழுத்தார். கேட் வரை ஓட்டி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது. மறுபடி பிடித்தார், மறுபடி நின்றது. பிறகு நெடுஞ்சாலைக்குத் திரும்பினார்.

தங்கை வீட்டு வாசலில் இறங்கியதும் எழுதிய வரி இது: “89,344. முன் காலிப்பர், நான்கு போல்ட், 35. கோடுகள் உடையவில்லை.” குறிப்பு என்ற பத்தியில் எதுவும் எழுதப்படவில்லை.