பாட்டுச் சத்தம் கேட்டு மேலே வந்த செல்வி அக்கா

செல்வி அக்கா செத்துப்போய்விட்டார்.

"காலமானார்" என்று எழுதக் கை வரவில்லை. இன்று காலை கிளியனூர் பக்கத்தில், பாண்டி ரோட்டில், ஒரு வேன் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. மொபெட், துணி மூட்டை, அக்கா... மூன்றும் மூன்று பக்கம்.

அக்காவை உங்களில் யாருக்கும் தெரியாது. திண்டிவனத்தில் நான் வாடகைக்கு இருந்த மாடி வீட்டுக்குக் கீழே இஸ்திரிக் கடை வைத்திருந்தவர்.

என் முன்னாள் கணவன் சர்ச் சபையில் கீபோர்டு வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமை அவன் வாசித்தால் பாதி சபை அழும். மற்ற நாட்களில் வீட்டில் அடிப்பான். பெல்ட், குக்கர் மூடி... எது கைக்கு வருகிறதோ அது.

அடிப்பதற்கு முன்னால் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஸ்பீக்கரில் ஒரு பாட்டை வைப்பான். ஃபுல் வால்யூம். என் சத்தம் வெளியே கேட்கக்கூடாது.

எப்போதும் அதே பாட்டு. பூட்டிய கதவுக்குள்ளும் ஆண்டவர் வருவார் என்று இரண்டாவது சரணத்தில் வரும். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு.

முதலில் எல்லாம் அந்தச் சரணம் வரும்போது கதவைப் பார்ப்பேன். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டேன். பாஸ்டரம்மாவிடம் சொன்னதற்கு, பொறுத்துக்கொண்டு ஜெபம் பண்ணச் சொன்னார். பண்ணினேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். முன்பல் இரண்டு போச்சு. மறுபடி மோத இழுத்தபோது கதவு அதிர்ந்தது. மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது.

செல்வி அக்கா. கையில் கரி கனன்றுகொண்டிருந்த இஸ்திரிப் பெட்டி.

"அவள விட்டுடு. இல்லன்னா மூஞ்சிலயே வெச்சிடுவேன்."

அவன் சிரித்தான். அக்கா அவன் முன்கையில் வைத்து அழுத்திவிட்டார். தோல் பொசுங்கிய வாடை... அலறிக்கொண்டே படியிறங்கி ஓடினான்.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஸ்பீக்கரை எப்படி அணைப்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பெட்டியை அதன் மேலேயே வைத்தார். பிளாஸ்டிக் உருகி, பாட்டு இழுத்து இழுத்து அடங்கியது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது என் வாயில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இந்தப் பாட்டு ஓடுனா நீ அடி வாங்கிக்கினு இருக்கன்னு எனக்குத் தெரியும்டி. மூணு மாசமா தெரியும். தெரிஞ்சே கீழ துணி தேச்சிக்கினு இருந்துட்டேன்."

நான் விழுப்புரத்துக்கு, அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன். சர்ச் பக்கம் போகவில்லை. யார் ரிங்டோனிலாவது அந்தப் பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன வருஷம் கோலியனூர் போகிற பஸ்ஸில் டிரைவர் அதைப் போட்டார். நெரிசலில் இறங்கவும் வழியில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது சரணம் வந்தது...

அவன் முகம் வரவில்லை. புகையும் பெட்டியோடு அக்கா வாசலில் நின்றதுதான் வந்தது. அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதேன்.

அன்றைக்கே போனில் அக்காவிடம் சொன்னேன், இனி அந்தப் பாட்டில் வருகிற ஆள் எனக்கு நீங்கள்தான் என்று.

"அமாவாசைக்கு அமாவாசை மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஓடிக்கினு இருக்கிறவ நானு. உங்க சாமி கோச்சிக்கப் போறாரு" என்றார்.

மறுபடி சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சு. ஜெபம் வாயில் வராது. அந்த ஒரு சரணத்தை மட்டும் சேர்ந்து பாடுவேன்.

இன்று மார்ச்சுவரி வாசலில் அதுவும் வரவில்லை. இருபது நிமிஷம் ரத்தம் போகப் போக ரோட்டிலேயே கிடந்தாராம். வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயிருக்கின்றன. அந்த இருபது நிமிஷம் நீர் எங்கே போயிருந்தீர் என்று மேலே பார்த்துக் கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்.

அக்கா மகள் வந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

நாளைக் காலை எடுக்கிறார்கள். அதுவரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்.

போயிட்டு வாங்க அக்கா...