கோச்சம்மாவின் பெட்டிகள்

பாரிஸின் லா சப்பல் பகுதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் இலங்கை அண்ணை எனக்காகக் காலி மாம்பழப் பெட்டிகளுக்கு அடியில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். டேப்பை இழுக்கும் அந்தச் சத்தத்தில் பாரிஸ் மெல்ல மறைந்தது. நான் சிறுமியாக இருந்த, பனி பெய்யும் ஓர் அமெரிக்கக் கல்லூரி ஊர் வந்து நின்றது.

அப்பா அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் இருந்தவர் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கோச். அம்மாவுக்கு அவர் கோச்சம்மா. தினமும் பழைய ஆட்டங்களின் வீடியோ போட்டுப் பார்ப்பார். மரத்தரையில் ஷூக்கள் கீச்சிடும் ஒலி சுவர் வழியே கசிந்துவரும். குருவிக்கூட்டத்துக்கு நடுவில் படுத்திருப்பதுபோல நான் தூங்கிப்போவேன்.

அவர் வீட்டில் பெட்டிகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. தோற்றால் வேலை போய்விடும். முன்பு இரண்டு கல்லூரிகளில் அப்படிப் போயிருந்தது. ஒரு பெட்டிமேல் துணி விரித்து, அம்மா கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிடுவார். ஜெயித்தால் பிரிப்பேன் என்பார்.

அந்த வருடம் ஜெயித்தார்கள். பிரித்தோம். பழைய செய்தித்தாள் மணத்துக்குள்ளிருந்து பூப்போட்ட கோப்பைகளும் ஒரு மஞ்சள் விளக்கும் வந்தன. வீடே பொன்னிறமானது.

பனி உருகுவதற்குள் பெரிய கல்லூரி ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. விளக்கை மறுபடி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்: "தோத்தாலும் போகணும், ஜெயிச்சாலும் போகணும். என்ன பொழப்போ!"

டேப் சத்தம் நின்றது. "என்ன தங்கச்சி, வேலை போயிட்டுதோ?" என்றார் அண்ணை.

"இல்லண்ணே, லியோன் நகரத்துல பெரிய வேலை கிடைச்சிருக்கு."

"அப்ப சந்தோஷம்தானே?"

இத்தனை வருடமும் அவரிடம் 'ஆமா' என்றுதான் சொல்லிவந்தேன். கிளம்பும் நேரத்தில் என் வாயில் வந்தது அவர் ஊர்ச் சொல்.

"ஓம்."