இன்னாசி வரையாத தூண்கள்

இன்னாசி தன் வாழ்நாளில் எத்தனையோ கட்டடங்களுக்குப் படம் வரைந்திருக்கிறான். அவன் பேரைச் சொல்லிக் காட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கருங்குழிக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு கிராமத்து மாதா கோயில். அதைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

அது அவன் பிறந்த ஊர். ஊர்த்தெருவிலும் வேதக்காரர்கள், அவன் பிறந்த காலனியிலும் வேதக்காரர்கள். ஒரே மாதா, ஒரே சாமியார், ஒரே நற்கருணை. உட்காரும் இடம் மட்டும் வேறு. பழைய கோயிலைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரச் சாமியார். தன் நாட்டில் பார்த்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நுனி கூரான வளைவுகள், உயரமான ஜன்னல்கள், நடுவில் அகலமான கூடம், அதன் இரண்டு பக்கமும் தூண் வரிசை, தூண்களுக்கு அப்பால் சந்து மாதிரி இரண்டு ஒடுக்கமான பகுதிகள். கோதிக் என்று அதற்குப் பேர். பாவம், அந்த மனுஷன் தூண் வைத்தது கூரையைத் தாங்க. நம்மவர்கள் அதற்கு வேறொரு உபயோகம் கண்டுபிடித்தார்கள். நடுக்கூடம் ஊர்த்தெருவுக்கு, தூணுக்கு அப்பால் காலனிக்கு. யாரும் எழுதி வைக்கவில்லை, கயிறு கட்டவில்லை. தூண்தான் இருக்கிறதே, கயிறு எதற்கு?

இன்னாசியின் அம்மா சவரியம்மாளுக்கு இடது பக்கம், மூன்றாவது தூணுக்குப் பின்னால் இடம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே இடம். அங்கே உட்கார்ந்தால் பீடம் தெரியாது. மணி அடித்தால் மண்டியிடுவாள், மற்றவர்கள் எழுந்தால் எழுவாள். பூசை தமிழுக்கு மாறி, சாமியார் ஜனங்களைப் பார்த்து நின்று பூசை வைக்கத் தொடங்கிய சமயத்தில் அவள் மகனிடம் சொன்னாள்: "சாமியாரு இப்பல்லாம் நம்ம மூஞ்சியப் பாத்துகினுதான் பூச வைக்கிறாராமே. எனக்கு இன்னாடா தெரியுது? தூணு மூஞ்சிதான் தெரியுது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவை ஒரு நாளாவது நடுக்கூடத்தில் உட்காரவைத்துப் பீடத்தைப் பார்க்கவைக்க வேண்டும் என்ற வெறி அன்றைக்குத்தான் அவனுக்குள் விழுந்தது.

ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்தவனுக்குக் கல்பாக்கத்துக் கட்டுமான வேலையில் இடம் கிடைத்தது. அங்கே ஒரு என்ஜினீயர் வைத்திருந்த புத்தகத்தில் ஐரோப்பியக் கோயில்களின் படங்கள் இருந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் இன்னாசி அதிலேயே கிடந்தான். வளைவின் நுனியைக் கூராக்கினால் பாரம் பக்கவாட்டில் அவ்வளவாகத் தள்ளாமல் கீழே இறங்கும். தள்ளுகிற கொஞ்சத்தையும் சுவருக்கு வெளியே முட்டுக்கொடுத்து நிறுத்திவிடலாம். கல்லை நம்பிக் கட்டியவர்களுக்கு உள்ளேயும் தூண் தேவைப்பட்டது. கம்பியும் கான்கிரீட்டும் வந்த பிறகு அது தேவையில்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் அவன் கண்ணில் அந்தக் கூர் வளைவுதான் பட்டது. மெட்ராஸில் காலேஜ் வாசலில், கோர்ட்டு வராந்தாவில், ஏன், அச்சரப்பாக்கத்தில் ஒரு ரைஸ்மில்லின் ஜன்னலில்கூட இருந்தது. எதற்காக வந்தது என்பது மறந்துபோய், வளைவு மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

எழுபத்து நாலில் அடைமழையில் பழைய கோயிலின் கூரை இறங்கியது. புதிதாகக் கட்ட வேண்டும், ஆனால் அசப்பில் பழையது மாதிரியே இருக்க வேண்டும் என்றது கோயில் கமிட்டி. அதற்குத் தலைவர் ஊர்த்தெரு ராயப்பர். அதுவரை இன்னாசியை "டேய்" என்றே கூப்பிட்டவர், ப்ளான் தேவைப்பட்டதும் "தம்பி" என்றார்.

இன்னாசி மூன்று மாதம் வரைந்தான். சுவருக்குச் சுவர் நாற்பது அடி. கூரான கான்கிரீட் வளைவுகள் ஒரே தாவாகத் தாவி இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். வெளியே முட்டுச்சுவர்கள், உள்ளே ஒரு தூண் கிடையாது. எதையும் அவன் ஒளிக்கவில்லை. எல்லாம் தரைப்படத்தில் தெளிவாக இருந்தது. ராயப்பர் தரைப்படத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு முகப்புப் படத்தின் மேல் விரலை ஓட்டினார். "வளைவு கூராத்தான் கீது. அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

வளைவுகளுக்கு முட்டுக்கொடுத்திருந்த சாரத்தைப் பிரித்த அன்று இன்னாசி உள்ளே போய் நடுவில் நின்றான். எங்கே நின்று பார்த்தாலும் பீடம் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு அழுதான். அதே சமயம் வாசலில் நின்ற ராயப்பர், "இன்னா இது, உள்ள ஒண்ணையுமே காணோம்?" என்று மேஸ்திரியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு மாதம் கல்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. திறப்புவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் இன்னாசியால் வர முடிந்தது. கோயிலுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு தூண்கள் நின்றன. பழைய தூண்களைவிடப் பருமன். சலவைக்கல் மாதிரி பெயிண்ட் வேறு.

தோரணம் கட்ட ஏணி சாத்தியிருந்தார்கள். அதில் ஏறித் தூணின் தலைக்கும் வளைவுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தான். விரல் தாராளமாக நுழைந்தது. தட்டிப் பார்த்தான். நாலங்குலச் செங்கலைச் சுற்றி அடுக்கிப் பூசியிருந்தார்கள், உள்ளே வெறும் காற்று. இறங்கி வந்தபோது எதிரே ராயப்பரும் பங்குச் சாமியாரும் நின்றார்கள்.

"ஐயா, இந்தத் தூணு கூரையத் தொடவே இல்ல. வெரல் நொழையுது. ஒண்ணத்தையும் தாங்கல."

ராயப்பருக்குக் கோபம்கூட வரவில்லை. "தெரியும்டா. கூரையத் தாங்கறதுக்கா போட்டோம்?" என்றார்.

இன்னாசி சாமியாரைப் பார்த்தான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "திறப்புவிழா முடியட்டும் இன்னாசி, பேசிக்கலாம்" என்றார். பேசுவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாக இன்னாசி அம்மாவைக் கூட்டிப் போய் நடுக்கூடத்தில் இரண்டாவது பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் பீடத்தைப் பார்த்தாள். மாதாவின் நீலப் புடவையை, பூ ஜாடிகளை, மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஊர்த்தெரு ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் அவர்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அந்தப் பெஞ்சிலும், அதற்கு முன் பெஞ்சிலும், பின் பெஞ்சிலும் ஒருவரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். நின்றார்கள். கோயில் நிறைந்துபோய் எல்லோரும் நின்றார்கள். பூசைமணி அடிக்காமல் காத்திருந்தது.

"எய்ந்திருடா" என்றாள் சவரியம்மாள்.

"நீ ஒக்காரும்மா."

"எய்ந்திருடான்னா. எல்லாரும் நம்மளயே பாக்கறாங்க."

அவளே எழுந்து நடந்தாள். தயங்காமல் இடது பக்கம் மூன்றாவது தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். இன்னாசி கூடவே போய் உட்கார்ந்தான். மணி அடித்தது, பூசை தொடங்கியது. அவன் கண்ணெதிரே பெயிண்ட் வாசம் போகாத தூண். ஆத்திரம் தாங்காமல் விரல் முட்டியால் அதை ஓங்கித் தட்டினான், மறுபடியும் தட்டினான். உள்ளே இருந்த காற்று 'டொக் டொக்' என்றது.

சவரியம்மாள் அவன் கையை இறுக்கிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தட்டாதடா" என்றாள் மெதுவாக. "பாக்கத்தான் முடியல. சாமியாரு சொல்றதயாவது கேக்க வுடு."